பிரவுனிப் பெட்டியின் அடித்தாள்

ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்துப் பார்த்தாள் ஞானப்பூ. நுனியில் கறுப்பாக மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. "வேகலட்டி பெனி" என்றாள். மேசையில் கிரீம் அடித்துக்கொண்டிருந்த மகள் பெனிட்டா தலையைத் தூக்காமலே, "அப்படித்தாம்மா வரணும். கேக்குன்னா ஒட்டக்கூடாது, பிரவுனின்னா கொஞ்சம் ஒட்டணும். எடுத்து வெளிய வையி, கருகிரும்" என்றாள். முப்பது கிறிஸ்மசுக்குக் கேக்கு போட்டவள் ஞானப்பூ. அண்டாவில் மணலைப் பரப்பி, மூடிமேல் தணல் அள்ளிப் போட்ட காலத்திலிருந்து அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குச்சி சுத்தமாக வந்தால் வெந்தது, ஒட்டினால் பச்சை. அதில் பொய் கிடையாது. இது என்ன பலகாரமோ, குச்சிகூட நேராகச் சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறது. பழந்துணியை மடித்துத் தட்டைப் பிடித்து வெளியே எடுத்தாள். மேல்தோல் வற்றின குளத்துத் தரை மாதிரி மெல்லிசாக வெடித்துப் பளபளத்தது. அடியில் வெந்திருக்கிறதா வேகாமல் கிடக்கிறதா என்று மேலே பார்த்தால் தெரியாது. பக்கத்து வீட்டுச் சொர்ணபாய் நர்சம்மா முகத்தைப் பார்த்தால் மட்டும் என்ன தெரிகிறது? மூன்று வருஷமாகப் பார்த்தாகிவிட்டது. அதே சிரிப்பு, அதே ஸ்தோத்திரம். இன்றைக்கு ஐந்து மணிக்குத் தெரிந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால். ஃப்ரிட்ஜின் மேல் வெள்ளை அட்டைப்பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. யாரும் தொடவில்லை. யார் தொடுவார்கள், வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மகன் தோகாவில். அவர் கல்லறைத் தோட்டத்தில். ஆனாலும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் சங்கத்தில் சீட்டுப் போட்டார்கள். வருஷாவருஷம் நடக்கிறதுதான். போதகரின் மனைவி ஐயரம்மா பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிக் கொண்டுவருவார், ஆளுக்கு ஒரு சீட்டு. சீட்டில் யார் பேர் இருக்கிறதோ அவளுக்காக மூன்று வாரம் ரகசியமாக ஜெபிக்க வேண்டும். பேரை வெளியே விடக்கூடாது. கடைசியில் ஒருநாள் எல்லாரும் கூடி, அவரவர் கையால் செய்த ஒரு பொருளைக் கொண்டுபோய், 'நான்தான் உனக்காக ஜெபித்தவள், உனக்காக இன்னது கேட்டேன்' என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். வாங்குகிறவள் அங்கேயே பிரித்து எல்லாருக்கும் காட்ட வேண்டும். ஞானப்பூ சீட்டைப் பிரித்தபோது காதெல்லாம் சூடாகிப்போயிற்று. சொர்ணபாய். நாற்பத்தேழு சீட்டு இருக்கிற டப்பாவில் தன் கைக்கு அந்தச் சீட்டு வந்தால் அது சும்மா வருமா? ஆண்டவரே, எதற்கு இதை என் கையில் கொடுத்தீர்? அன்றைக்கு ராத்திரி முழங்காலில் நின்றாள். சொர்ணபாய் என்று பேரைச் சொன்னதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று வாரமும் அதே கதைதான். பேரைச் சொல்லுவாள், ஆசீர்வதியும் என்பாள், உள்ளே வேறு ஒன்று பேசும்: வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும், மறைத்ததைக் காட்டிக்கொடும். அதுவும் ஜெபம்தானே என்று சமாதானம் பண்ணிக்கொள்வாள். போன வாரம் அந்த அம்மாளே காம்பவுண்டு சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஞானப்பூ, உனக்கு யாரு பேரு விழுந்திச்சு? எங்கிட்ட மட்டும் சொல்லேன்" என்றாள். "சொன்னா ரகசியம் போயிருமே நர்சம்மா." "நீ வெறப்பா இருக்கதப் பாத்தா ஐயரம்மா பேரு விழுந்த மாதிரில்லா இருக்கு!" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சிரித்தாள். குற்றம் உள்ளவள் இப்படிச் சிரிப்பாளா? சிரிப்பாள். குற்றம் உள்ளவள்தான் முதலில் சிரிப்பாள். அன்றைக்கே ஞானப்பூ முடிவுபண்ணிவிட்டாள். மூன்று வருஷமாக ஒளித்துவைத்திருந்த கடுதாசியை வேதப்புத்தகத்திலிருந்து எடுத்து, இன்று பெனிட்டா குளிக்கப் போன நேரம் பார்த்து, பெட்டிக்குள் விரித்த பட்டர் பேப்பருக்கு அடியில் வைத்துவிட்டாள். பலகாரத்தை எடுத்துக் கொடுக்கும்போது தாள் விலகும். தாள் விலகினால் கடுதாசி. எல்லார் முன்னாலும். தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். முகம் சொல்லிவிடும்.

"ஆறட்டும்மா, சூட்டுல கிரீம் வச்சா உருகி ஓடிரும். ஃபேனுக்குக் கீழ வையி" என்றாள் பெனிட்டா. வைத்தாள். ஃபேன் காற்றில் சாக்லேட்டு மணம் வீடு முழுக்க நிறைந்தது. அந்தக் கடுதாசிக்கும் ஒரு மணம் உண்டு. வேதப்புத்தகத்துத் தோலட்டை மணமும் பழைய மையும் சேர்ந்த மணம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெனிக்குப் பேசியிருந்த நாசரேத் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த மொட்டைக் கடுதாசி அது. நாள் குறித்து, கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கவும் சொல்லியாகிவிட்டது. அப்புறம் ஒரு மத்தியானம் தரகர் வந்து, உட்காராமலே, அதை நீட்டினார். "அவுங்க வேண்டான்னுட்டாங்கம்மா. இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க." கோடு போட்ட தாள், கோணல்மாணலாக எழுத்து, இடது கையால் எழுதினது போல. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசிலிருந்தே வலிப்பு உண்டு. அவளுடைய தாய் மறைக்கிறாள். உங்கள் நல்லதுக்குச் சொல்லுகிறேன், விசாரியுங்கள். அவ்வளவுதான். நடுவில் ஒரு இடத்தில் மையால் ஒரு பூ. ஐந்து இதழும் நடுவில் புள்ளியுமாக, நிதானமாகப் போட்டிருக்கிறாள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் குலைக்கிற கடுதாசியில் பூப்போடுகிறவளுடைய மனசு எப்படிப்பட்ட மனசு! சொர்ணபாய் தலையணை உறையெல்லாம் பூத்தையல் போடுகிறவள். அது ஒன்று. வலிப்பு என்றது ஒரே ஒரு தடவை, பெனிக்கு இரண்டு வயசில் காய்ச்சல் ஏறி வந்தது. பக்கத்து வீடு என்று ஓடிவந்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்தச் சொர்ணபாய்தான். அதற்கப்புறம் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் யாருக்குத் தெரியும்? தனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், சொர்ணபாய்க்குத் தெரியும். அவர் பெனி காலேஜ் படிக்கிறபோதே போய்விட்டார். மூன்றில் ஒன்று போனால் இரண்டு. இரண்டில் தான் போனால்? கணக்கு எப்படிப் போட்டாலும் அந்த வாசலில்தான் வந்து நின்றது. சம்பந்தம் முறிந்து மூன்று நாள் அந்த அம்மாள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அது இன்னொன்று. நாலாம் நாள் இட்லியும் கறிக்குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். ஏன் கேட்கவில்லை? தெரியாதவளாக இருந்தால் என்ன ஏது என்று கேட்பாளே!

"ஏம்மா, குச்சியக் கையில வச்சுக்கிட்டு என்ன யோசன? ஆறிட்டு, வெட்டு." வெட்டினாள். மகள் அளவு சொல்லிக்கொடுத்தபடி நீளவாட்டில் மூன்று பட்டை, ஒவ்வொரு பட்டையையும் மேலும் கீழுமாக முக்கோணம். முக்கோணம் கிறிஸ்மஸ் மரமாம். ஓரத்துத் துண்டுகளில் தகர அச்சை அழுத்தி நட்சத்திரமும் மணியும். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துத் துடைத்து வெட்டினால் விளிம்பு பிசிறாது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். "பாத்தியா, பெங்களூர்ல கோர்ஸ் போனவளவிட நீ நல்லா வெட்டுத" என்றாள் பெனிட்டா. பிள்ளைக்குச் சந்தோஷம். வந்த நாளிலிருந்து சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். என்ன இவ்வளவு சந்தோஷம்? லீவுக்கு வந்தால் போனும் கையுமாக இருக்கிறவள், இந்தத் தடவை, 'உன் ஜெபத் தோழிக்கு நான் செஞ்சு தாரேம்மா' என்று தானாகக் கேட்டாள். யார் பேர் என்று ஞானப்பூ ஒரு நாள் வாய் தவறிச் சொன்னபிறகுதான் கேட்டாள். சொன்னதும் முகம் ஒருமாதிரி ஆயிற்று, அப்புறம்தான் இந்த ஓவனை வாங்கினதும் கோகோ பவுடர் வாங்கினதும். பச்சைக் கிரீமைக் கூம்புப் பையில் அடைத்து, முனையைக் கத்தரித்து, மரத்தின்மேல் மேலிருந்து கீழாக வளைத்து வளைத்துக் கொடி இழுத்துக்கொண்டு போகிறாள். கொடிமேல் சிவப்பு மிட்டாய் மணி, உச்சியில் மஞ்சளாக ஒரு பொட்டு. "நர்சம்மாவுக்கு இந்தப் பெரிய மரமா வையி. அவுங்களுக்குச் சுகர் இருக்குன்னு ஐசிங் கொஞ்சமாத்தான் போட்டிருக்கேன்" என்கிறாள். அந்த அம்மாளுக்குச் சர்க்கரை என்று இவளுக்கு யார் சொன்னது? இரண்டு பேரும் போனில் பேசுகிறார்களா? மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான், "நர்சம்மாவ ஏம்மா சந்தேகப்படுத, அவுங்க அப்படிச் செய்ய மாட்டாங்க" என்று ஒரு தடவை சொன்னாள். உனக்குத் தெரியாது, பேசாம இரு என்று ஞானப்பூ அடக்கினாள். வெள்ளை மனசு இந்தப் பிள்ளைக்கு. அடித்தவளுக்கே மரம் செய்து அனுப்புகிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே குரல். "என்ன ஞானப்பூ, தெருவே மணக்கு! நமக்கு உண்டா இல்லியா?" ஞானப்பூ வாயைத் திறக்குமுன், "உண்டு நர்சம்மா, பொறுங்க!" என்று பெனிட்டா கத்தினாள். "ஏட்டி, எப்ப வந்த நீ? வந்து எட்டிப் பாத்தியாட்டி? மெட்ராசுக்குப் போனதும் பெரிய மனுசி ஆயிட்டியோ!" "நாளைக்கு வாரேன் நர்சம்மா, கையெல்லாம் கிரீமு!" சிரிப்பு. கதவு சாத்துகிற சத்தம். ஆண்டவரே, இந்தக் குரலில் என்ன இருக்கிறது? மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இந்தக் குரல்தான் அடுக்களையில் நின்று காபி ஆற்றிக்கொண்டே, 'நாசரேத்துல எந்தத் தெருவாம்?' என்று விசாரித்தது. எதற்குத் தெரு? கடுதாசிக்குத்தான் தெரு. நல்ல பையன், நல்ல உத்தியோகம். எவ்வளவு உரிமையாகப் பழகினான்! ஹாலில் இரண்டு பேரையும் பேசவிட்டுவிட்டு, தான் காபித் தட்டோடு வந்தபோது, 'உன் போனக் குடு பாப்போம்' என்று வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான், சிரித்துக்கொண்டே. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். வெட்கம். தனக்குக் கண் நிறைந்துபோயிற்று. அதற்கு முந்தின வாரம்தான் உபவாசமிருந்து, வேத வசனம் அச்சடித்த வசன அட்டைக் கட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுத்திருந்தாள், அதில் ஆண்டவர் சம்மதம் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி பெனி பாயில் பக்கத்தில் வந்து படுத்து, 'எனக்கு யோசிக்கணும் போல இருக்கும்மா' என்றாள். என்ன யோசனை? 'நான் ஜெபிச்சுட்டேன், கர்த்தர் வாக்குக் குடுத்துட்டார், பயப்படாம தூங்கு' என்று தலையில் கைவைத்து ஜெபம்பண்ணினாள். பிள்ளை ஆமென் என்றாள். நல்ல பிள்ளை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

மணி நாலு. பெனிட்டா ஃப்ரிட்ஜ் மேலிருந்து பெட்டியை எடுத்தாள். ஞானப்பூ எட்டிப் பிடிக்கப் போனாள். "நான் அடுக்குதேம்மா." "வேண்டாம், நான் வைக்கேன்." "உனக்கு அடுக்கத் தெரியாது, மரத்துமேல மரத்த வச்சு நசுக்கிருவ." பேசிக்கொண்டே ஒன்று வைத்தாள், இரண்டு வைத்தாள். உள்ளங்கையால் தாளைத் தடவினாள். "அடியில என்னமோ மடிப்பா இருக்கே, தாள் உக்காரல." "அட்டை மடிப்பு. இருக்கட்டும், தொடாத." குரல் தனக்கே உரக்கக் கேட்டது. பெனிட்டா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். இன்னும் ஒரு மரம் பாக்கி. எல்லாவற்றிலும் பெரியது, நடுவில் வைக்கிறது. பையைப் பிழிந்து கொடி இழுத்துக்கொண்டு வரும்போது காற்றுக்குமிழ் ஒன்று வெடித்து, புளிச்சென்று ஒரு கட்டிக் கிரீம் தவறான இடத்தில் விழுந்தது. "போச்சு!" என்றாள் ஞானப்பூ, கத்தி முனையால் வழித்துவிடலாம் என்று கையை நீட்டினாள். "வழிச்சா தீத்தலா தெரியும்மா, விடு." பெனிட்டா பையின் முனையை அந்தக் கட்டியில் தொட்டுத் தொட்டு இழுத்தாள். ஒரு இதழ், இரண்டு, மூன்று, ஐந்து. நடுவில் மஞ்சளால் ஒரு புள்ளி. கட்டி இருந்த இடத்தில் பூ இருந்தது. "இது எங்கட்டி படிச்ச?" என்று சும்மாதான் கேட்டாள் ஞானப்பூ. "எங்க படிச்சேன், அப்பாகிட்டதான்! வாத்தியார் மகள்னு பேரு, அடிச்சு எழுதுனா பக்கத்தையே கிழிச்சிட்டு மறுபடி எழுதச் சொல்லுவாருல்லா. அதான் தப்பு வந்த இடமெல்லாம் பூவாக்கிருவேன். ஏழாங்கிளாசு நோட்டப் பாத்தா ஒரே தோட்டமா இருக்கும். கை பழகிப்போச்சு." சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்த வாய் அப்படியே நின்றது. பிறகு பையை வைத்துவிட்டு, "ரிப்பன் எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

நோட்டு. பெனியின் நோட்டுகளை ஞானப்பூ திறந்து பார்த்ததே இல்லை. எட்டாங்கிளாசோடு நின்றவள், படிப்பெல்லாம் அவர் பாடு. தான் பார்த்தது சாப்பாட்டுத் தூக்கும் ரிப்பனும் காய்ச்சலும்தான். உலகத்தில் எத்தனையோ பேர் பூப்போடுவார்கள். ஐந்து இதழ் எல்லாப் பூவுக்கும் உண்டு. சொர்ணபாயின் தலையணைப் பூவுக்கு எத்தனை இதழ்? ஞாபகமில்லை. மூன்று வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிக் குற்றம் சாட்டினாளே, ஒருநாள்கூட எண்ணிப் பார்க்கவில்லை. வலிப்பு யாருக்குத் தெரியும்? தனக்கு, அவருக்கு, சொர்ணபாய்க்கு. அந்த இரண்டு வயசுப் பிள்ளைக்கு? அதற்கு எப்படித் தெரியும், கண் சொருகிக் கிடந்ததே. ஆனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குடும்ப ஜெபத்தில் முழங்காலில் நின்று, ஆண்டவரே இந்தப் பிள்ளையை மரணத்திலிருந்து மீட்டீரே என்று சாட்சி சொன்னது யார்? இருபது வருஷம் பக்கத்தில் முழங்காலில் நின்று கேட்டது யார்? எண்ணினவள் அந்த ஒருத்தியை மட்டும் எண்ணவே இல்லை. கை தானாகப் பெட்டிக்குள் போயிற்று. மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள், விரலெல்லாம் பச்சை. தாளை நீக்கினாள். கடுதாசியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இதுவரைக்கும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், வேதப்புத்தகத்து மடிப்பில் வைத்துத்தான் வாசித்திருக்கிறாள், வெயிலுக்கு நேரே பிடித்ததில்லை. வலிப்பு உண்டு. அப்புறம் பூ. அப்புறம் அவளுடைய தாய் மறைக்கிறாள். வெயில் தாளுக்குள் நுழைந்தது. பூவின் இதழ்களுக்கு அடியில் வேறு எழுத்து, அழுத்தி எழுதினது. எ. ங். க. ம். அதோடு நின்றுவிட்டது. எங்கம். அடுத்த எழுத்தை எழுதாமல் திடுக்கிட்டு நிறுத்தி, அதன்மேல் ஐந்து இதழ் போட்டு மூடிவிட்டு, அவளுடைய தாய் என்று எழுதியிருக்கிறது அந்தக் கை. ஞானப்பூ அந்த எழுத்தை எழுதி முடித்தாள், வாய்க்குள். எங்கம்மா.

சாய்ந்துகொள்ளச் சுவர் இருந்தது, நல்லதாகப் போயிற்று. சம்பந்தம் முறிந்த அன்றைக்குப் பிள்ளை தன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாளே, அது எந்த அழுகை? சொந்தப் பேரில் நோய் எழுதி, சொந்தத் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டுதான் தப்பிக்க வேண்டும் என்று அப்படி என்ன பயம்? வேண்டாம் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே. சொன்னாளே. யோசிக்கணும் என்றாளே, பாயில் படுத்துக்கொண்டு. நான் வசன அட்டையை எடுத்து நடுவில் வைத்துவிட்டேன். அம்மாவோடு சண்டை போடலாம், ஆண்டவரோடு எந்தப் பிள்ளை சண்டை போடும்? ஐந்து மணிக்கு அந்தப் பெட்டி திறந்திருந்தால்? தாள் விலகியிருந்தால்? நாற்பத்தேழு பேர் நடுவில், தன் பக்கத்தில் புதுச்சேலை கட்டி உட்கார்ந்திருக்கப்போகிறவள் பெனி. யாருடைய முகம் வெளுத்திருக்கும்? நான் கண் கொட்டாமல் சொர்ணபாய் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும் என்று கேட்டேனே, இயேசப்பா. மூன்று வாரம் கேட்டேனே. இப்படியா?

அறை வாசலில் பெனிட்டா நின்றாள். கையில் சிவப்பு ரிப்பன். காலிப் பெட்டியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. ரிப்பன் சுருள் நழுவித் தரையில் உருண்டு ஓடி மேசைக்காலில் முட்டி நின்றது. ரெண்டு பேரும் அதை எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்தில் வாசல் பூட்டுகிற சத்தம். "ஞானப்பூ! கெளம்பலியா? ஐயரம்மா கரெக்டா அஞ்சுக்கு ஆரம்பிச்சிருவா, பெறவு கதவுப்பக்கந்தான் எடம்!" ஞானப்பூ ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நீங்க முன்னால போங்க நர்சம்மா" என்றாள். "எனக்கும் பெனிக்கும் உங்க பக்கத்துல எடம் போட்டு வைங்க." சுவருக்கு அந்தப் பக்கம் சாவிக்கொத்துச் சத்தம் நின்றது. மூன்று வருஷமாகப் பக்கத்தில் உட்காராதவள் கேட்கிறாள். "சரிம்மா. போட்டு வைக்கேன்" என்றது குரல், மெதுவாக. செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போயிற்று.

கடுதாசியை மடித்தாள். மடித்த இடத்தில் பச்சைக் கிரீம் அப்பிக்கொண்டது. "அந்தப் பையன் அன்னைக்கு உன் போன வாங்கிப் பாத்தானே" என்றாள், மகளைப் பார்க்காமல், தட்டிலிருந்த பெரிய மரத்தையே பார்த்துக்கொண்டு. "என்னட்டி பண்ணுனான்?" பெனிட்டா குனிந்து ரிப்பனை எடுத்து விரலில் சுற்றினாள். அப்புறம், "அதுல இருந்த பேர ஒவ்வொண்ணா அழிச்சான்ம்மா" என்றாள். "இவ எதுக்கு, இவன் எதுக்குன்னு கேட்டுக் கேட்டு. சிரிச்சுக்கிட்டே. நான் குடுன்னு கையப் பிடிச்சேன். மேசைக்கு அடியில என் விரல மடக்கி அமுத்துனான். அப்பயும் சிரிச்சான். நீ காபி கொண்டு வந்த. நல்லாப் பழகுதாங்கன்னு உனக்கு ஒரே சந்தோஷம்." ஞானப்பூவுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. எந்த நெருக்கத்திலும் அவள் வாயில் முதலில் வருகிற வார்த்தை, முப்பது வருஷப் பழக்கம்: ஜெபம் பண்ணுவோமா. அதைச் சொல்லிவிட்டால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்வாள். ஆமென் சொல்லிவிடுவாள். அதோடு முடிந்துபோகும். வார்த்தையை விழுங்கினாள். ஸ்டூலை இழுத்து மகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கிரீம் ஒட்டின கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள்.

"பெறவு?" என்றாள்.